மழைக்காலத்தில் சீனி இறுகுவது ஏன்? வெள்ளைச் சீனி, நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி ஆகியவற்றை வீட்டில் வைத்துக்கொள்ளும் முறை

கேள்வி: 12 அக்டோபர் 2024

எங்கள் வீடு கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. மாத மளிகையோடு ஐந்து கிலோ சீனி வாங்கி எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைக்கிறோம். மழை தொடங்கியதும் அது ஒரே கட்டியாக இறுகிவிடுகிறது. கரண்டிக் காம்பால் குத்தினால்தான் பெயர்கிறது. கிராம்பு போட்டுப் பார்த்தாயிற்று, பயனில்லை. இறுகிய சீனி கெட்டுப்போனது, அதைச் சாப்பிடக் கூடாது என்று என் மாமியார் சொல்கிறார். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடும் என்று எதிர்வீட்டார் சொல்கிறார். எதைக் கேட்பது?

12 அக்டோபர் 2024, மாலை

இறுகிய சீனி கெட்டுப்போன சீனி அன்று. தாராளமாகச் சாப்பிடலாம். கிருமிகள் வளர்வதற்கு வேண்டிய நீர் சீனியில் இல்லை. இருக்கும் சொற்ப நீரையும் சீனி தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. பன்னாட்டு உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் விதிகளில், பயன்பாட்டு நாள் அச்சிட வேண்டாத பொருள்களின் வரிசையில் வினிகரோடு திடநிலைச் சர்க்கரையும் இடம்பெற்றிருப்பது இதனால்தான். உங்கள் மாமியாரின் எச்சரிக்கை வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் பொருந்தும். அவற்றைப் பற்றிப் பிறகு தனியாக எழுதுகிறேன்.

ஃப்ரிட்ஜ் வேண்டாம். உள்ளே குளிர்ந்த டப்பாவைக் கடற்கரைக் காற்றில் வெளியே எடுத்துத் திறந்தால், அடுத்த நொடியே மேல்பரப்பில் ஈரம் படியும். ஒரு நாளைக்கு இரண்டு வேளைக் காப்பிக்காக இப்படி எடுத்து எடுத்து வைத்தால், சீனியில் நீரைத் தெளித்து வைப்பதற்கும் அதற்கும் அதிக வேறுபாடு இருக்காது.

சீனி ஏன் இறுகுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும். தூய சீனிப் பரல், 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 85 சதவீதத்தைத் தொடும்வரை காற்றிலிருந்து பெரிதாக நீரை இழுப்பதில்லை. அந்த அளவைத் தாண்டியதும் பரலின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படிந்து, அதில் சீனி கரைகிறது. ஒவ்வொரு பரலின் மேலும் ஒரு சொட்டுப் பாகு உண்டாகிவிட்டதாகவே கொள்ளலாம். பிறகு வெயில் வந்தோ, மின்விசிறி ஓடியோ காற்று உலரும்போது அந்தப் பாகிலிருக்கும் நீர் போய்விடுகிறது, கரைந்திருந்த சீனி மட்டும் இரண்டு பரல்களுக்கு நடுவே படிந்து, அவற்றை ஒட்டிவிடுகிறது. ஆகவே ஈரம் மட்டுமே இறுக்குவதில்லை. ஈரமும் உலர்வும் மாறி மாறி வருவதுதான் இறுக்குகிறது. சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதிகாலையில் ஈரப்பதம் ஏறுவதும் நண்பகலில் இறங்குவதும் அன்றாடம் நடப்பதால், சரியாக மூடாத டப்பா ஒவ்வொரு நாளும் ஒரு சுற்று இறுகுகிறது.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: இருப்பையும் அன்றாடப் புழக்கத்தையும் பிரித்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சிறிய டப்பாவில் எடுத்துக்கொண்டு, மீதியை இறுக்கமாக மூடும் வேறொரு பாத்திரத்தில் வைத்து, வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் அதைத் திறக்காதீர்கள். ஐந்து கிலோ சீனியை ஒரே டப்பாவில் கொட்டி வைத்து அதை ஒரு நாளைக்குப் பத்து முறை திறப்பதுதான் உங்கள் வீட்டில் நடப்பது.

13 அக்டோபர் 2024

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எவர்சில்வர் டப்பாக்களில் பெரும்பாலானவற்றின் மூடி காற்றை நிறுத்துவதில்லை. சோதித்துப் பார்ப்பது எளிது. டப்பாவில் பாதியளவு நீர் ஊற்றி, மூடி, கவிழ்த்துப் பிடியுங்கள். விளிம்பில் நீர் கசிந்தால் ஈரக்காற்றும் அவ்வழியே போகும். சோதனைக்குப் பின் நன்றாகத் துடைத்து, வெயிலில் காய வைத்த பிறகே சீனியைக் கொட்ட வேண்டும்.

திருகுமூடி போட்ட கண்ணாடிச் சீசாவே மேல். ஆனால் அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கரண்டியால் அள்ளும்போது சிந்தும் சீனிப் பரல்கள் கழுத்தின் மரைகளில் ஒட்டிக்கொள்கின்றன. அவை ஈரத்தில் இளகி, காய்ந்து, வெள்ளை வளையமாக இறுகிவிட்டால் மூடி கடைசிச் சுற்றுக்கு வராது. கைக்கு இறுகியதுபோல் தோன்றும், உள்ளே இடைவெளி இருக்கும். சில நாளைக்கு ஒரு முறை உலர்ந்த துணியால் மரையையும் மூடியின் உட்புறத்தையும் துடைத்துவிட வேண்டும்.

13 அக்டோபர் 2024, இரவு

டப்பாவை எங்கே வைக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. அடுப்புக்கு மேலேயுள்ள அலமாரியில் என்றால் உடனே இடத்தை மாற்றுங்கள். சோறு வடிக்கும் ஆவியும், குக்கர் விடும் ஆவியும் நேராக அங்கேதான் போகின்றன. அத்துடன் அந்த அலமாரி நாளுக்கு மூன்று வேளை சூடாகி ஆறுகிறது. நன்றாக மூடிய டப்பாவுக்குள்ளும் சூடான பக்கத்திலிருக்கும் ஈரம் குளிர்ந்த பக்கம் நோக்கி நகரும். அதனால்தான் சில டப்பாக்களில் சுவரை ஒட்டிய சீனி மட்டும் ஓடுபோல் இறுகி நிற்கிறது.

சுவரோரத் தரையும் வேண்டாம். பெருங்காயம், சோப்பு, கற்பூரம், பாச்சை உருண்டை ஆகியவை இருக்கும் அலமாரியும் வேண்டாம். சீனி வாசனையை இழுத்துக்கொள்ளும்.

16 அக்டோபர் 2024

அரிசி முடிச்சு பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மெல்லிய துணியில் ஒரு கைப்பிடி அரிசியை முடிந்து சீனி டப்பாவில் போட்டால் ஈரம் ஏறாது என்பது பல வீடுகளில் இருக்கும் பழக்கம்.

கடையில் வாங்கும் பச்சரிசியிலேயே நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு பங்கு நீர் இருக்கிறது. அவ்வளவு நீரை வைத்துக்கொண்டிருக்கும் அரிசி, சுற்றியிருக்கும் காற்று அதைவிடக் கடும் ஈரமாக இருந்தால்தான் இன்னும் கொஞ்சம் நீரை ஏற்கும். வறுத்து, ஆற வைத்து முடிந்தால் அது வேறு கதை. அப்போது அதற்கு உண்மையாகவே தாகம் இருக்கும். எங்கள் வீட்டில் உப்பு ஜாடிக்கு இப்படித்தான் வறுத்த அரிசி போடுவோம், நன்றாக வேலை செய்கிறது. இரண்டு நாள் மழையில் அதுவும் நிறைந்துவிடும் என்பதால் மீண்டும் வறுத்து, மீண்டும் முடிய வேண்டியிருக்கும். சிறிய டப்பாவுக்கு இது தகும். ஐந்து கிலோ டப்பாவுக்கு ஒரு கைப்பிடி அரிசியால் ஒன்றும் ஆகாது.

மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போடலாமா என்ற கேள்விக்கு: உணவுக்கென்று விற்கும் பொட்டலத்தைத் தவிர வேறெதுவும் வேண்டாம். குறிப்பாக நீலநிற மணிகள் கொண்டவற்றில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அது நஞ்சு. பொட்டலம் கிழிந்தால் சீனிப் பரலையும் அந்த மணியையும் பிரித்தெடுக்க முடியாது.

16 அக்டோபர் 2024, சற்று நேரம் கழித்து

இறுகிப்போனதை என்ன செய்வது என்பதற்கு விடை சொல்லாமல் விட்டிருக்கிறேன். பிசுபிசுப்பு இல்லாமல் வெறும் கட்டியாக இருந்தால், துணிப்பைக்குள் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் தட்டினாலே உதிர்ந்துவிடும். மிக்ஸியில் போடாதீர்கள்; பரல் தூளாகிவிடும், தூள் பரலைவிட விரைவாக இறுகும். மைக்ரோவேவும் வேண்டாம். ஓரிடம் உருகும், மற்றோரிடம் அப்படியே கிடக்கும். பிசுபிசுப்பாக இருப்பதை மழைக்காலத்தில் வெயிலில் காய வைப்பது வீண் வேலை. காலை பத்து மணிக்கு வெயில் என்று விரித்தால் பதினோரு மணிக்கு மூட்டமாகிவிடும். அதைப் பாகாகக் காய்ச்சி, எலுமிச்சைச் சாறு விட்டு, சர்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேசரிக்கும் பாயசத்துக்கும் கட்டிச் சீனியைப் பயன்படுத்துவதில் எந்தக் குறையும் இல்லை, எப்படியும் கரையப்போவதுதானே.

20 அக்டோபர் 2024

எறும்பு. இதைப் பற்றித்தான் அதிகமானோர் எழுதியிருக்கிறீர்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிராம்பு போடுவது என் அம்மாவின் வீட்டிலும் உண்டு. கிராம்பின் மணம் வீரியத்தோடு இருக்கும் சில நாள்களுக்குச் சிற்றெறும்புகள் தயங்குகின்றன. மணம் குறைந்ததும் அவை கிராம்பின் மேலேயே ஏறிப் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். போதாக்குறைக்குச் சீனி கிராம்பின் மணத்தை வாங்கிக்கொள்வதால் காப்பியின் சுவை மாறுகிறது. பாயசத்துக்கென்று தனியாக வைக்கும் சீனியில் கிராம்பு போடுவது நல்ல யோசனை. காவலுக்கு அது போதாது.

தண்ணீர்த் தட்டில் டப்பாவை நிறுத்துவது நம்பகமான முறை, ஆனால் அதற்கும் பராமரிப்பு வேண்டும். இரண்டு மூன்று நாளில் நீரின் மேல் தூசி படிந்து மெல்லிய ஏடு உண்டாகும். சிற்றெறும்பின் எடைக்கு அந்த ஏடே பாலமாகிவிடும். நீரில் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரை இரண்டு சொட்டு விட்டால் மேற்பரப்பு எறும்பைத் தாங்காது. தட்டின் விளிம்பும் டப்பாவும் சுவரைத் தொடக் கூடாது, மேலே தொங்கும் கரித்துணியும் டப்பாவைத் தொடக் கூடாது. இவ்வளவையும் செய்துவிட்டுத் துணியை மறந்தவர்கள் பலர். மழைக்காலத்தில் தண்ணீர்த் தட்டு டப்பாவைச் சுற்றியுள்ள காற்றையும் ஈரமாக்குகிறது என்பதால், மூடி இறுக்கமாக இருந்தால் மட்டுமே இந்த முறையைப் பரிந்துரைப்பேன்.

எறும்புச் சாக்பீஸ் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன்: சீனி டப்பா இருக்கும் தட்டில் அதைக் கிழிக்காதீர்கள். அதிலிருப்பது டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லி. தூள் கையில் ஒட்டும், கை மூடியில் படும், மூடியிலிருந்து கரண்டிக்கு வரும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது பலகையில் எழுதும் சாக்பீஸிலிருந்து வேறுபட்டுத் தெரியாது. எறும்பு வரிசை எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, அந்த வழி முழுவதையும் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தால், முன்னால் போன எறும்பு பின்னால் வருவதற்காக விட்டுச்செல்லும் வாசனைத் தடம் அழிந்துவிடும். துளையை வெள்ளைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டால் அந்தப் பருவத்துக்குத் தொல்லை தீர்ந்தது.

ஏற்கெனவே எறும்பு ஏறிவிட்ட சீனியை அகலமான தட்டில் பரப்பி வெயிலில் வையுங்கள். கலைந்து போய்விடும். சலித்து எடுத்துக்கொள்ளலாம்.

26 அக்டோபர் 2024

தீபாவளிக்கு ரவா லட்டும் நெய் உருண்டையும் செய்யச் சீனியைத் திரித்து வைப்பவர்களுக்கு. சீனியைப் பொடித்தால் அதன் பரப்பு பல மடங்கு பெருகுகிறது, அவ்வளவு பரப்பிலும் ஈரம் படிய இடம் கிடைக்கிறது. ஆகவே முந்தின நாளே திரித்து வைக்காதீர்கள். கடையில் விற்கும் ஐசிங் சர்க்கரை பொலபொலவென்று இருப்பதற்குக் காரணம், அதில் சிறிதளவு சோளமாவு கலந்திருப்பதுதான். வீட்டில் அப்படிச் செய்ய வேண்டுமானால் ஒரு கோப்பைச் சீனிக்கு ஒரு தேக்கரண்டி சோளமாவு போதும். உருண்டை பிடிக்கும் பலகாரத்துக்கு அது வேண்டியதில்லை. திரித்த சூடு ஆறும்வரை மிக்ஸி மூடியைத் திறந்து வையுங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மறுநாள் காலையில் அது டப்பாவின் வடிவத்திலேயே வெளியே வரும்.

ஏலக்காயைச் சேர்த்துத் திரிப்பவர்கள் அந்தப் பொடியை அன்றே தீர்த்துவிடுவது நல்லது. மணம் நில்லாது.

27 அக்டோபர் 2024

பரப்பு பற்றிச் சொன்னதை வைத்து, பெரிய பரல் சீனி நல்லதா, சிறிய பரல் நல்லதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நம் ஆலைகளின் சீனியில் பரலின் அளவை எழுத்தாலும் நிறத்தை எண்ணாலும் குறிப்பார்கள்: எல் பெரியது, எம் நடுத்தரம், எஸ் சிறியது, முப்பது, முப்பத்தொன்று என்பவை நிறத்துக்கு. மூட்டையில் எம்-30, எஸ்-30 என்று பார்த்திருப்பீர்கள். நீண்ட நாள் வைத்திருப்பதென்றால் நடுத்தரப் பரல் மேல். அன்றாடத்துக்கு விரைவில் கரையும் சிறு பரல் போதும். டப்பா சரியாக இருந்தால் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

9 நவம்பர் 2024

நாட்டுச்சர்க்கரைக்கு இதுவரை நான் சொன்ன எந்தக் கணக்கும் அப்படியே பொருந்தாது. முதல் குறிப்பில் 85 சதவீதம் என்று எழுதியதைப் படித்துவிட்டு, "எங்கள் வீட்டில் வெயில் காலத்திலேயே நாட்டுச்சர்க்கரை இளகுகிறதே" என்று ஈரோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது நியாயமான கேள்வி.

அந்த 85 தூய சீனிக்குரியது. கரும்புச் சாற்றைக் கொப்பரையில் நெடுநேரம் காய்ச்சும்போது அதிலிருக்கும் சுக்ரோஸில், அதாவது நாம் சீனி என்று சொல்லும் பொருளில், ஒரு பகுதி உடைந்து குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் ஆகிறது. வெள்ளைச் சீனியில் இவை ஏறக்குறைய முழுவதும் நீக்கப்படுகின்றன. நாட்டுச்சர்க்கரையிலும் வெல்லத்திலும் தங்கிவிடுகின்றன. பிரக்டோஸ் காற்றின் ஈரப்பதம் அறுபதைச் சற்றுத் தாண்டினாலே நீரை இழுக்கத் தொடங்கும். கடலோரத்தில் அறுபதுக்குக் கீழே ஈரப்பதம் நாள் முழுவதும் நிற்பது அபூர்வம். அதாவது நாட்டுச்சர்க்கரையின் டப்பாவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது நீரை இழுக்கிறது. மழை வரவேண்டும் என்பதில்லை.

இன்னொரு புறம், நன்றாக உலர்ந்த அறையில் திறந்து வைத்தால் நாட்டுச்சர்க்கரை தன் ஈரத்தை இழந்து கல்லாகவும் ஆகும். குளிரூட்டிய அறையில் வைத்தவர்களுக்கு இது தெரியும். மேல்நாட்டுப் பழுப்புச் சர்க்கரைக்கு ஒரு துண்டு ரொட்டியையோ ஆப்பிளையோ டப்பாவில் போடச் சொல்வது இந்த இழப்பை ஈடுசெய்யத்தான். அந்த யோசனையைப் படித்துவிட்டுச் சென்னையில் நாட்டுச்சர்க்கரைக்குள் ஆப்பிள் துண்டைப் போட்டவர்கள் இருவர் இங்கேயே எழுதியிருக்கிறீர்கள். நம் தட்பவெப்பத்தில் அது பூசணத்துக்கு விருந்து, உடனே எடுத்துவிடுங்கள். கல்லாகிவிட்டதை இளக்க வேண்டுமானால், வேண்டிய அளவு மட்டும் கிண்ணத்தில் எடுத்து, ஈரத்துணியால் கிண்ணத்தின் வாயை மூடி ஒரு மணி நேரம் வைத்தால் போதும்.

கவுந்தப்பாடிப் பக்கம் வாங்குபவர்களுக்கு ஒன்று. அங்கிருந்துதான் பழனி பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச்சர்க்கரை போகிறது. புதுச் சர்க்கரையை வாங்கியதும் கையில் அள்ளி இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். விட்டதும் உதிர்ந்தால் உலர்ந்திருக்கிறது; உருண்டையாக நின்றால் ஒரு நாள் நிழலில் பரப்பி ஆற்றிய பிறகு அடைக்க வேண்டும்.

17 நவம்பர் 2024

கருப்பட்டியைப் பற்றி எழுத எனக்குத் தனி ஆவல் உண்டு. எங்கள் ஆச்சியின் ஊர் உடன்குடிக்குப் பக்கத்தில். பதநீர் பருவம் முடிவதற்குள் ஆண்டு முழுவதற்குமான கருப்பட்டி வீட்டுக்கு வந்துவிடும். அவற்றை ஓலைப் பெட்டியில் அடுக்கி, அடுக்களைக்கு மேலேயிருக்கும் பரணில் ஏற்றிவிடுவார்கள். கீழே விறகடுப்பு. பரணின் மரம், பெட்டியின் ஓலை, கருப்பட்டியின் மேல்தோல் எல்லாம் புகையேறிக் கறுத்திருக்கும். உடைத்தால் உள்ளே தேன்நிறத்தில், விரல் நுனியில் நறநறவென்று பொடியும் பதத்தில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் அது இளகியதில்லை.

ஊரில் இருக்கும் என் மூத்த சித்தி இன்றும் அதே ஓலைப் பெட்டியில் வைக்கிறார்கள், அதே பரணில் வைக்கிறார்கள். ஆனால் கீழே இப்போது எரிவாயு அடுப்பு. போன மழைக்காலத்தில் பெட்டியின் அடியில் கருப்பட்டி கசிந்து, ஓலை முழுவதும் பூசணம் பிடித்திருந்தது. "பெட்டி அதேதான் தம்பி, கருப்பட்டிதான் முன்னைப்போல இல்லை" என்றார்கள். என் எண்ணம் வேறு. கருப்பட்டியைக் காத்தது ஓலையன்று. நாள் முழுவதும் கீழிருந்து எழுந்த உலர்ந்த வெப்பமும் புகையும்தான். ஓலைப் பெட்டி காற்றை உள்ளே விடுவதால்தான் அந்த வெப்பம் உள்ளே போய் ஈரத்தை வெளியேற்றியது. அடுப்பு மாறிய பிறகு அதே காற்றோட்டம் ஈரத்தை உள்ளே கொண்டுவருகிறது. எரிவாயு எரியும்போது நீராவியும் உண்டாகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இன்றைய அடுக்களைப் பரண் கருப்பட்டிக்கு மிகத் தவறான இடம்.

இப்போதைய வீட்டுக்கு என் முறை இது. வாங்கியதும் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, மந்தமான ஒலி தருவதை முதலில் செலவழிக்க ஒதுக்கிவிடுகிறேன். மற்றவற்றைச் சித்திரை வெயிலில், மெல்லிய துணி மூடி, நண்பகலில் மட்டும் காய வைத்து, நிழலில் ஆற வைத்து, ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, பீங்கான் ஜாடியிலோ பெரிய கண்ணாடிச் சீசாவிலோ அடுக்கி மூடிவிடுகிறேன். மழை முடியும்வரை பெரிய ஜாடியைத் திறப்பதில்லை.

பழைய கருப்பட்டியின் மேல் வெண்மையாகத் தெரிவதெல்லாம் பூசணம் அன்று. நகத்தால் சுரண்டினால் மணல்போல் உதிர்ந்து, வாசனை எதுவும் இல்லையென்றால் அது சர்க்கரை பூத்திருப்பது, சாப்பிடலாம். பஞ்சுபோல் ஒட்டி, மக்கிய வாடை அடித்தால் பூசணம். சுரண்டிவிட்டுச் சாப்பிடலாமா என்று கேட்காதீர்கள். இளகிய பகுதிக்குள் அது எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

2 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயலின்போது இரண்டு நாள் சன்னல்கள் எல்லாம் அடைத்தே கிடந்தன, சுவர்கள் வியர்த்தன. அந்த நாள்களில் எங்கள் வீட்டில் கவனித்ததை வைத்து, முதல் குறிப்பில் சொன்ன யோசனையை இன்னும் கூர்மையாக்கலாம் என்று தோன்றுகிறது. வாரத்துக்கு வேண்டியதைச் சிறு டப்பாவில் எடுத்து வையுங்கள் என்று எழுதியிருந்தேன். அடைமழைக்கு வாரம் என்பது நீண்ட காலம். சிறு டப்பாவில் மூன்று நாளுக்கு வேண்டியது போதும். பெரிய பாத்திரத்தை எந்த நேரத்தில் திறக்கிறோம் என்பதும் முக்கியம்: நண்பகலில், அடுப்பு எரியாதபோது, மழை விட்டிருக்கும்போது. அதிகாலைக் காப்பிக்குச் சீனி தீர்ந்துவிட்டதென்று ஆறு மணிக்குப் பெரிய டப்பாவைத் திறப்பதே மிகக் கெடுதலான வேளை, ஏனென்றால் அப்போதுதான் காற்றில் ஈரம் உச்சத்தில் இருக்கும். இரவு படுக்கப்போகுமுன் சிறு டப்பாவைப் பார்த்து வைப்பதைவிட மதியமே பார்த்து நிரப்பிவிடலாம்.

கரண்டியை டப்பாவுக்குள்ளேயே விட்டுவிடும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காப்பியைக் கலக்கிய கரண்டி ஒரு முறை திரும்ப உள்ளே போனால், அந்த ஒரு சொட்டைச் சுற்றி நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி பிடிக்கும். டப்பாவுக்கென்று ஒரு கரண்டி, அது கலக்குவதற்கு வராது என்று வீட்டில் விதி வைத்துக்கொள்ளுங்கள்.

3 டிசம்பர் 2024

ரேஷன் கடையில் வாங்கும் சீனி மழைக்காலத்தில் நசநசவென்று இருக்கிறது என்பவர்களுக்கு: மூட்டை பிரித்த பிறகு நாள்கணக்கில் திறந்தே இருக்கும், நாம் கொண்டுபோகும் பையில்தான் வாங்கி வருகிறோம். வீட்டுக்கு வந்ததும் பழைய சீனியின் மேல் கொட்டிவிடாதீர்கள். ஈரமான அரைக் கிலோ, உலர்ந்த மூன்று கிலோவையும் இறுக்கிவிடும். அகலத் தாம்பாளத்தில் பரப்பி மின்விசிறியின் கீழ் வைத்து, சலித்து, தனி டப்பாவில் போட்டு முதலில் அதைச் செலவழியுங்கள்.

வீட்டுத் திருமணத்துக்கு முழு மூட்டை வாங்கி வைத்திருக்கும் அன்பர், மூட்டையைச் சுவரை ஒட்டித் தரையில் நிறுத்தியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பலகையைப் போட்டு அதன்மேல் படுக்க வையுங்கள், சுவருக்கும் மூட்டைக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே இருப்பது எடையாலேயே இறுகும். சணல் சாக்கு என்றால் உள்ளே பிளாஸ்டிக் உறை இருக்கிறதா என்று பாருங்கள். 1987ஆம் ஆண்டின் சணல் உறைச் சட்டப்படி ஆலைச் சீனியில் ஒரு பங்கு சணலில்தான் வரவேண்டும். சணல் மட்டும் இருந்தால் அது ஈரத்தைத் தடுக்காது. உறை இல்லாவிட்டால் கல்யாணம் வரை காத்திருக்காமல் மூடியிட்ட பீப்பாய்க்கு மாற்றிவிடுங்கள்.

11 ஜனவரி 2025

பொங்கலுக்கு வெல்லம் வாங்கும் நேரம். உருண்டை வெல்லமாக இருந்தாலும் அச்சு வெல்லமாக இருந்தாலும், பளபளவென்ற மஞ்சளைத் தேடாதீர்கள். நிறம் வெளுப்பதற்காக ஹைட்ரோஸ் என்று சொல்லப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைக் காய்ச்சும்போதே போடுகிறார்கள். பழுப்பு நிறத்தில், உடைத்த முகத்தில் பரல் தெரிகிற வெல்லமாகப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் சாக்கின் அடியிலிருந்து எடுத்துத் தந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் அது பொங்கல் பானைக்கு ஆகும், சேமிக்க ஆகாது.

பொங்கல் முடிந்ததும் மீதியை என்ன செய்வதென்று இப்போதே இருவர் கேட்டுவிட்டீர்கள். வெள்ளைச் சீனிக்கு வேண்டாம் என்று நான் சொன்ன ஃப்ரிட்ஜ், வெல்லத்துக்கு உதவும். குளிர்ச்சியில் வெல்லத்தின் நிறம் கறுப்பதும், நொதிப்பதும் வெகுவாகக் குறைகின்றன. ஆனால் ஒரே பெரிய டப்பாவாக வைத்தால் சீனிக்குச் சொன்ன அதே கேடு வரும். ஆகவே வெல்லத்தைச் சீவி, ஒரு தடவைச் சமையலுக்கு வேண்டிய அளவாகச் சிறு சிறு பொட்டலமாகக் கட்டி, அவற்றை இறுக்கமாக மூடும் டப்பாவில் அடுக்குங்கள். வேண்டும்போது ஒரு பொட்டலத்தை எடுத்ததும் டப்பாவை உடனே உள்ளே வைத்துவிட்டு, எடுத்த பொட்டலத்தின் குளிர் விட்ட பிறகே பிரியுங்கள்.

19 ஜனவரி 2025

வெல்லப் பாகைக் காய்ச்சி, மண் வடிகட்டிச் சீசாவில் வைக்கலாமா என்ற கேள்விக்கு: வைக்கலாம், ஆனால் அது வெல்லத்தைப்போல் நிற்காது. கரைப்பதற்கு நாம் சேர்க்கும் நீர் போகாமல் தங்கிவிட்டால் அதில் ஈஸ்ட் வளரும். மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வந்தாலோ, புளித்த வாடை அடித்தாலோ கொட்டிவிடுங்கள். கம்பிப் பதம் வரும்வரை வற்றவிட்டு, உலர்ந்த சீசாவில் ஆறிய பின் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அதற்கு மேல் வேண்டுமானால் பாகாக வைக்காதீர்கள், வெல்லமாகவே வைத்துக்கொண்டு அவ்வப்போது காய்ச்சிக்கொள்ளுங்கள்.